பதினாலாவது வரி

“இந்தச் சம்பளச் சீட்டு சுத்தப் பொய், மேடம்.”

குழந்தைப் பராமரிப்புத் தொகையைக் கணக்கிடும் அதிகாரி மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். எதிரே அவள். மடியில் மூன்று வயது மகள், காதில் கேட்கும் கருவி, வாயில் கட்டைவிரல்.

கணவன் வரவில்லை. சீட்டை மட்டும் வக்கீலிடம் கொடுத்தனுப்பியிருந்தான். தான் கைவிட்டவளின் முகத்தில் விழிக்க வெட்கம் என்று நினைத்தால் தப்பு. வந்தால் ஓவர்டைம் போய்விடும்.

“பொய்னா எப்படிம்மா? கம்பெனி முத்திரை இருக்கு. சம்பளம் பதினெட்டாயிரம்.”

“பதினாலாவது வரியைப் பாருங்க. பயணப்படி இருபத்தோராயிரம்னு இருக்கும்.”

சீட்டு அதிகாரியின் பக்கம் திரும்பியிருந்தது. அவள் எட்டிப் பார்க்கக்கூட இல்லை.

“இருக்கு. ஆனா அது வேலைக்காக அலைஞ்ச செலவைக் கம்பெனி திருப்பிக் கொடுக்குறது. வருமானத்துல சேராது.”

“கிரேன் ஓட்டுறவரு எங்க மேடம் பயணம் போறாரு? காலையில ஏணியில ஏறுறாரு, சாயங்காலம் இறங்குறாரு. அதுக்கா இருபத்தோராயிரம்?”

அதிகாரிக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார். “அப்ப அது என்ன பணம்?”

“ஓவர்டைம். மாசம் தவறாம வர்றது.”

“மாசாமாசம் வர்ற ஓவர்டைம்னா தாராளமா சேர்ப்பேன். ஆனா சீட்டுல அப்படி இல்லையே. நான் சீட்டைப் பார்த்துத்தான் கணக்கு போடணும், உங்க முகத்தைப் பார்த்து இல்ல.”

“பேங்க்ல மொத்தமா முப்பத்தொன்பதாயிரம் ஏறுதே?”

“ஏறும். செலவுப் பணமும் அதே கணக்குலதான் ஏறும்.”

“கம்பெனியையாவது கேளுங்க.”

“கேட்டாச்சு. ‘எங்கள் பதிவேடுகள் சரியாக உள்ளன’ன்னு ஒரே வரியில பதில் போட்டிருக்காங்க.” அதிகாரி பேனாவைத் திறந்தார். “பதினெட்டுல, முதல் சம்சாரத்தோட பையனுக்கு ஏற்கெனவே கொடுக்குற ரெண்டரை போகப் பதினஞ்சரை. அதுல அஞ்சுல ஒரு பங்கு. மூவாயிரத்து நூறு வருதும்மா.”

“பேச்சுப் பயிற்சிக்கே மாசம் ஆறாயிரம், மேடம். போன மாசமே கட்டல. இப்பத்தான் ‘ம்மா’ன்னு ஒரு வார்த்தை வந்திருக்கு. நடுவுல நிறுத்தினா அதுவும் போயிடும்னு டீச்சர் சொல்றாங்க.”

“எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு. உங்க வருமானம் சொல்லுங்க.”

“துணிக்கடையில பில் போடுறேன். ஒன்பதாயிரம்.”

“அதுக்கு முன்னாடி?”

“ஒரு கம்பெனி ஆபீஸ்ல இருந்தேன். கல்யாணத்தோட நின்னுட்டேன்.”

“படிப்பு?”

“பி.காம். எங்க குடும்பத்துல காலேஜ் வாசலை மிதிச்ச முதல் ஆள் நான்தான்.” அதைச் சொல்லும்போதெல்லாம் நிமிரும் தலை, இன்று நிமிரவில்லை.

ஒன்பதாயிரமும் ஒரு பைசா குறையாமல் படிவத்தில் ஏறியது. தினமும் இரண்டு பஸ் மாறி வேலைக்குப் போகிறவள் அவள்தான். அவளுக்குப் பயணப்படி கிடையாது.

அதிகாரி பக்கத்திலிருந்த பழைய கோப்பைப் பிரித்தார். “அஞ்சு வருஷத்துக்கு முன்னாடி இந்தாளோட முதல் சம்சாரம் இதே நாற்காலியிலதான் உட்கார்ந்திருந்தாங்க. அன்னைக்கும் கணக்கு போட்டது நான்தான். அவங்களும் இதே கிரேன், இதே ஏணிதான் சொன்னாங்க. நான் நம்பல.”

அவள் குழந்தையின் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தாள். “அவங்களுக்கு என்ன ஆச்சு?”

“என்ன ஆகும்? ரெண்டரைதான் ஆச்சு. பையனை ஸ்கூல் மாத்திட்டாங்க. அவங்க மனு போட்ட மாசத்துலதான் இந்த வரியே முளைச்சுதுன்னு அடிச்சுச் சொன்னாங்க. பழைய சீட்டைக் காட்டுங்கன்னா, எல்லாத்தையும் அந்தாளு எடுத்துட்டுப் போயிட்டானாம்.” அதிகாரி பெருமூச்சு விட்டார். “இன்னைக்கு நீங்களும் அதையே சொல்றப்பத்தான், அந்தம்மா சொன்னது நிஜமோன்னு உறுத்துது. உறுத்தி என்ன பண்ண? சாட்சி வேணுமே.”

“யாரு சாட்சி சொன்னா செல்லும், மேடம்?”

“அன்னைக்குச் சம்பளக் கணக்கு எழுதின ஆளு. நேர்ல வந்து, இது ஓவர்டைம்தான், நான்தான் பேரை மாத்தி எழுதினேன்னு கையெழுத்துப் போட்டுக் கொடுத்தா, ரெண்டு பிள்ளைக்குமே தொகையைத் திருத்திடலாம்.”

“திருத்திடலாமா?”

“ஆனா பொய்க் கணக்குன்னு அந்த ஆளு மேல கேஸ் வரும். அப்புறம் எந்தக் கடையிலயும் கல்லாப் பக்கமே விடமாட்டாங்க. யாரோ ரெண்டு பிள்ளைங்களுக்காக எவன்மா வந்து மாட்டிப்பான்?”

குழந்தை கட்டைவிரலை எடுத்துவிட்டு, “ம்மா” என்றது.

அதிகாரி கோப்பை மூடப் போனார். அவள் கையை நீட்டி அதன் மேல் வைத்தாள்.

“எழுதினது எவனும் இல்ல, மேடம். நான்தான்.”