மூன்று நாள் ஊத்தை

கல்முனை நகைக்கடையில், மீயொலியால் நகை கழுவும் சின்னத் தொட்டி வண்டுபோல் இரைகிறது. மூன்று நாளைக்கு முன் நிக்காஹில் றிஸ்மி போட்டுவிட்ட புதுச் சங்கிலியில் விருந்து இனிப்பான வட்டிலப்பம் பட்டுப் பிசுபிசுக்கிறதென்று பர்ஸானா கழுவக் கொடுத்திருக்கிறாள். கண்ணிகளுக்குள்ளிருந்து ஊத்தை கறுப்பாய்ப் புகைந்து எழும்புகிறது. பழைய பவுடரும் எண்ணெயும் தோல்செதிலும் தண்ணீரில் படைபடையாய் மிதக்கின்றன. “இது வருசக்கணக்கான ஊத்தை, தங்கச்சி,” என்கிறார் கடைக்காரர். பர்ஸானா புருசனைப் பார்க்கிறாள். “புதுசெண்டுதானே சொன்னீங்க?” றிஸ்மி தொட்டியைப் பார்த்தபடி சொல்கிறான்: “மூத்த பொஞ்சாதிர சங்கிலி. அவ மௌத்தாகிக் கண்ண மூடின புறகு சும்மாதானே கிடந்த.” கடைக்காரர் தூக்கிய சங்கிலி கண்ணைப் பறிக்கிறது. றிஸ்மி அதை வாங்கி அவள் கழுத்தருகே கொண்டுவருகிறான். “இப்ப சுத்தம்தானே?” பர்ஸானா முக்காட்டு நுனியால் கழுத்தைத் தேய்க்கிறாள், தோல் சிவந்த பிறகும் தேய்த்துக்கொண்டே நிற்கிறாள்.