அந்த நாற்காலியில் இருக்கிற வரைக்கும்

"இந்த வருஷமாவது பள்ளிக்கூடச் சட்டை ஆர்டர் நம்ம கடைக்கு உண்டா, இல்லையா?"

சாப்பாட்டு டப்பாவை நீட்டியபடியே கேட்டாள் தையல்கடைக்காரி. செருப்பை மாட்டிக்கொண்டிருந்த கணவர் சிரித்தார். நகரசபையில் கொள்முதல் அதிகாரி அவர்.

"நான் அந்த நாற்காலியில இருக்கிற வரைக்கும் கிடையாது. அதிகாரியோட வீட்டு ஆளுங்க டெண்டர் போடக் கூடாதுன்னு ரூல்."

"ஊர்ல இருக்கிற தையல்காரி எல்லாம் உங்களால பிழைக்கிறா. உங்களைக் கட்டிக்கிட்ட பாவத்துக்கு நான் மட்டும் கிழிசல் தைக்கிறேன்!"

"கிழிசலும் யாராவது தைக்கணும்ல?" டப்பாவை வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

அவள் சொன்னது கோபத்தில்தான், ஆனாலும் உண்மை. முன்பெல்லாம் சீருடை எங்கிருந்தோ லாரியில் வரும். ஒரே வாரத்தில் பொத்தான் உதிரும். யாரிடம் போய்ச் சொல்வது? அவர் வந்துதான் அந்தப் பெரிய ஆர்டரை, சின்னக் கடைகளும் எடுக்கும்படி பள்ளிக்கு ஒன்று எனப் பிரித்தார். மாதிரிச் சட்டை வந்தால் பொத்தானைப் பிடித்து வெடுக்கென்று ஒரு இழு இழுத்துப் பார்ப்பார். இப்போது பொத்தான் விழுந்தால் தாய்மார்கள் கடை வாசலுக்கே வந்து சண்டை போடுகிறார்கள், நின்ற நிலையில் தைத்து வாங்கிப் போகிறார்கள். பூட்டிக் கிடந்த கடைகளில் மறுபடி மிஷின் சத்தம்.

அன்று மதியம் அலுவலக மேசையிலேயே சாய்ந்தவர், பிறகு எழவேயில்லை. டப்பா திறக்கப்படாமல் வீடு திரும்பியது.

ஒரு வருடம் ஓடியது. மீண்டும் சீருடை டெண்டர். அவள் கடையிலோ வேலை குறைந்து, ஐந்து பெண்களில் இரண்டு பேரை நிறுத்த வேண்டிய நிலை.

"டெண்டர் கவரைப் போடுங்கக்கா," என்றாள் கடையில் காஜா எடுக்கும் பெண். "இப்ப அந்த நாற்காலியில இருக்கிறவங்க உங்க முகத்தைப் பார்த்து முடியாதுன்னு சொல்லிடுவாங்களா என்ன?"

கவரும் மாதிரிச் சட்டையுமாக நகரசபைக்குப் போனாள். பெஞ்சில் மற்ற கடைக்காரர்கள் காத்திருந்தார்கள். மேசைக்குப் பின்னால் இருந்த இளம் அதிகாரி சட்டையைக் கையில் எடுத்தாள். பொத்தானை வெடுக்கென்று இழுத்தாள். வரவில்லை.

"தையல் அருமையா இருக்கு. ஆனா உங்க கவரை வாங்க முடியாது."

"ஏன் மேடம்?"

"ரூல் உங்களுக்குத் தெரியாதா?"

"அதைப் பிடிச்சுக்கிட்டு இருந்தவர் போய் ஒரு வருஷம் ஆச்சு!"

"அவர்தான் போயிட்டார். ரூல் போகலையே."

பெஞ்சில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். இவளுக்குச் சுர்ரென்றது.

"ரெண்டு பொண்ணுங்களை வீட்டுக்கு அனுப்பணும். அந்தப் பாவம் உங்களைச் சும்மா விடாது மேடம்."

"அனுப்ப வேண்டாம். கடையை அந்த அஞ்சு பேருக்கே முழுசா எழுதிக் கொடுத்துடுங்க. அவங்க குழுவா டெண்டர் போடட்டும். கடைசி நாளுக்கு இன்னும் நேரம் இருக்கு. ஆனா உங்களுக்குச் சல்லிக்காசு பங்கு இருக்கக் கூடாது."

"அப்ப நான்?"

"வீட்டுல ஒரு மிஷின் வெச்சுக்கோங்க. கிழிசலும் யாராவது தைக்கணும்ல?"

அவள் அந்த முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு கவரை இரண்டாகக் கிழித்தாள்.

"அவங்களே வெச்சுக்கட்டும், கடையை. இப்ப திருப்தியா?"

அதிகாரி தலையை அசைத்தாள்.

எழுந்தவள் பையில் கைவிட்டுச் சாப்பாட்டு டப்பாவை எடுத்து மேசையில் வைத்தாள். "காலையில மறந்துட்டுக் கிளம்பிட்டே. உங்கப்பா மாதிரி திறக்காம விட்டுடாதேடி."

மகள் கோப்புகளை நகர்த்தி, டப்பாவை ஜன்னல் பக்க மூலையில் வைத்துக்கொண்டாள். அப்பா காலத்தில் அது எப்போதும் இருந்த இடம் அதுதான்.