டெஸ்ட் வாரத்து ஷூ

ரத்தப் பரிசோதனைக்கு ஒரு வாரம் இருக்கும்போதுதான் மாசிலாமணிக்குத் தன் வாக்கிங் ஷூவின் ஞாபகம் வரும். "சுகர் பார்டர்ல நிக்குது" என்று போன முறை டாக்டர் எச்சரித்திருந்தார். அதனால் இந்த வாரம் இனிப்பைத் தொடாமல் ஓட்டமும் நடையுமாக இருந்தார். இடது கால் ஷூவுக்கு மூச்சு வாங்கியது.

ரிசல்ட் வாங்கப் போன இடத்தில் அவர் கால் ஆடிக்கொண்டே இருந்தது. ஷூவும் கூடவே ஆடியது.

"நார்மல்!"

வீடு திரும்பும்போது மாசிலாமணி கையில் மைசூர்பாக்குப் பெட்டி இருந்தது. ஷூவைக் கழற்றி அலமாரி மூலைக்குத் தள்ளிவிட்டு உள்ளே ஓடினார்.

அப்பாடா, இனி அடுத்த டெஸ்ட் வரைக்கும் தூங்கலாம் என்று நினைத்தது ஷூ. பக்கத்தில் ஒரு ஜோடிப் பழைய செருப்பு கிடந்தது. வலது செருப்பு தேய்ந்து ஓட்டை விழுந்திருந்தது. இடது செருப்போ புத்தம் புதிதாக மின்னியது.

"நீங்க கொடுத்துவெச்சவரு அண்ணே, தேயவே இல்லையே!" என்று இடது செருப்பிடம் சொன்னது ஷூ.

உள்ளே மாசிலாமணி, "இன்னொரு துண்டு குடு. அதான் நார்மல்னு வந்துடுச்சே!" என்று மனைவியிடம் கேட்டுக்கொண்டிருந்தார்.

"இதே பேச்சு," என்று முனகியது இடது செருப்பு. "நாங்க இவரோட அப்பாவுக்கு வாங்கின செருப்பு, தம்பி. அவரும் டெஸ்ட் வாரத்துல மட்டும்தான் நடப்பாரு. எங்களை வாங்கின மறுநாளே, சர்க்கரைப் புண்ணுன்னு சொல்லி அவரோட இடது காலை எடுத்துட்டாங்க."