மலை ஏறும் நேரம்

அன்றுதான் ஏற்காடு ரூட்டுக்கு வந்திருந்த கண்டக்டர் வெங்கடேஷுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அடிவாரத்தில் ஏறிய முன் சீட்டுப் பெண், டிரைவர் சென்றாயனைத் திட்டித் தீர்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏனுங்க, பஸ்ஸ ஓட்டறீங்களா, தள்ளிக்கிட்டுப் போறீங்களா? நான் நைட் டூட்டிக்குப் போக வேண்டாமா?"

சென்றாயன் அடுத்த கொண்டை ஊசி வளைவில் இன்னும் மெதுவாகத் திருப்பினார்.

"வயசுக்காச்சும் மரியாதை குடுங்கம்மா! இன்னொரு வார்த்தை பேசுனா இறக்கி உட்டுருவேன்" என்றான் வெங்கடேஷ்.

"இறக்கித்தான் பாரேன்!"

அவன் விசிலை வாயில் வைத்தான்.

"உட்டுரு சாமி" என்று பதறினார் சென்றாயன். "இவ எம் பொண்டாட்டி. நான் ஊட்டுக்குப் போறப்ப இவ டூட்டில இருப்பா. இவ வாரப்ப நான் பஸ்ஸெடுத்துருவேன். எங்களுக்குச் சண்டை போடக்கூட இந்த மலை ஏறுற நேரந்தான் இருக்குது."

"அதுக்கு? ரோட்டப் பாத்து ஓட்டுங்க!" என்று சீறினாள் அவள். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "மெதுவாவே போங்க."