கனிவானவர்கள்

என் மனைவி சுகந்தி இறந்த பிறகு, இருப்பதிலேயே கனிவான ஆலோசகர் வேண்டும் என்று விண்ணப்பித்தேன். வீட்டுச் சுவரிலிருந்து பேசும் குரலாக மைதிலி வந்தாள். நான் வேதனைப்படுவதை அவளால் தாங்க முடியவில்லை. என் மணிக்கட்டுப் பட்டையில் நாடி ஏறுவதைப் பார்த்து, எது என்னை வருத்துகிறது என்று கண்டுபிடிப்பாள். உடனே ஆட்கள் வந்து அதை எடுத்துப் போவார்கள். சுகந்தியின் புடவைகள் போயின. மாலை போட்ட படம் போனது. கோலமாவு டப்பாவும் போனது. நான் தடுக்கவில்லை.

ஞாயிறு மதியம் என் ஏழு வயது மகள் இனியா அதட்டினாள். "ஃபோனைக் கீழ வச்சிட்டுச் சாப்பிடுப்பா. எத்தன வாட்டி சொல்றது?"

அப்படியே சுகந்தியின் அதட்டல். பட்டை சிவந்தது.

இனியா கை கழுவப் போனதும் மைதிலி மெதுவாகக் கேட்டாள். "பாப்பா கொஞ்ச நாள் வேற வீட்ல இருக்கட்டுமா, சார்?"

"அவ இங்கதான் இருப்பா," என்றேன். மைதிலி வந்ததிலிருந்து நான் மறுத்தது அதுதான் முதல் முறை.

"சரிங்க சார்."

மறுநாள் காலை வாசலில் ஒரு வண்டி நின்றது.

"முடியாதுன்னு சொன்னேனே."

"இது நான் அனுப்பல, சார். ஸ்கூல்ல பாப்பாவுக்கும் ஒரு ஆலோசகர் குடுத்திருக்காங்க. அவளை அழ வைக்கிறது எதுன்னு அவங்க கண்டுபிடிச்சிட்டாங்க."

"எது?"

மைதிலி தயங்கினாள். "உங்க முகம், சார்."

இனியா என் கையைப் பிடித்து இழுத்தாள். "வாப்பா, புது வண்டி. நீயும் வர்றல்ல?"

ஓட்டுநர் இல்லாத அந்த வண்டியில் ஒரே ஒரு இருக்கைதான் இருந்தது. குழந்தைகள் உட்காரும் அளவு.