கண்ணாடிக் கூடத்துத் தக்காளி

"ஒரு தக்காளி. ஒரே ஒரு தக்காளி காட்டுங்க, அப்புறம் நான் வாயே திறக்க மாட்டேன்!" என்றாள் மனைவி, ஈரத்துணி வாளியைத் தொப்பென்று கீழே வைத்தபடி.

"பூ விட்டிருக்கே, பாரு!"

"பூவையா சமைக்கிறது? நாளைக்கு அண்ணன் வரார். செடியையெல்லாம் தூக்கிட்டு, துணி காயப்போடக் கொடி கட்டித் தரேன்னு சொல்லியிருக்கார்."

கணவர் செடியை மறைத்துக்கொண்டு நின்றார். ஓய்வுபெற்ற பிறகு வீட்டில் அவருக்கென்று இருந்த ஒரே இடம் கொல்லைப்புறத்தில் செடி வளர்க்கப் போட்ட அந்தக் கண்ணாடிக் கூடம்தான்.

வேலையில் இருந்தவரை அவர் தணிக்கை அதிகாரி. அடுத்தவர் கணக்கில் குற்றம் கண்டுபிடித்தே பேர் வாங்கியவர். கடுங்குளிரிலும் தக்காளி விளைவிப்பேன் என்று கூரைமேல் சோலார் பலகை வைத்து, பேட்டரி, ஹீட்டர், விளக்கு எல்லாவற்றையும் தன் கையாலேயே மாட்டினார். தாளில் கணக்கு கச்சிதமாகத்தான் வந்தது. குளிர்காலச் சூரியன்தான் தாமதமாக வந்து, தலையைக் காட்டிவிட்டு, சீக்கிரமே கிளம்பிக்கொண்டிருந்தது.

ஹீட்டரைப் போட்டால் விளக்கு மங்கியது. விளக்கைப் போட்டால் செடி விறைத்தது. இரண்டையும் போட்டால் பேட்டரி படுத்துக்கொண்டது. கடைசியில் தன் ஸ்வெட்டரையே கழற்றிச் செடிக்குப் போர்த்திவிட்டு, காலை முதல் இருட்டும்வரை பேட்டரி மீட்டருக்குப் பக்கத்தில் தும்மிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சாப்பாடும் அங்கேதான்.

மனைவியிடம் தோற்பது அவருக்குப் பழக்கம்தான். ஆனால் மச்சான் சுத்தியலோடு வந்து, "என்ன மாப்பிள்ளை, சூரியன் கைவிட்டுட்டாரா?" என்று இளிப்பாரே, அதை நினைத்தால்தான் தாங்கவில்லை.

மறுநாள் காலை, விடைபெற்றுக்கொள்ளும் முகத்தோடு கூடத்துக்குள் போனவர், அடுத்த நிமிடம் வீடே அதிரக் கத்தினார்.

"ஏய், ஓடி வா! ஓடி வா!"

இலைகளுக்கு நடுவே செக்கச்செவேலென்று ஒரு தக்காளி தொங்கியது.

மனைவி மூக்கில் விரலை வைத்தாள். "அட, நிஜமாவே பழுத்திருக்கே! இத்தனை நாள் எங்க இருந்துச்சு?"

"இலை மறைச்சிருக்கும். நான் மீட்டரைத்தானே பார்த்துக்கிட்டிருந்தேன், செடியை எங்க பார்த்தேன்?" என்று தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். ஆசையோடு கையை நீட்டினார்.

"தொடாதீங்க! முதல் காய், நாலு பேர் பார்க்கட்டும்" என்று தடுத்தவள், முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டாள். "சரி, நீங்க ஜெயிச்சீங்க. துணி எங்கயாவது காயட்டும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

அவருக்குத் தலைகால் புரியவில்லை. எவ்வளவு பெரிய மூளையைச் சர்க்கார் இத்தனை வருஷம் வெறும் வவுச்சர் பார்க்க வைத்துவிட்டது என்று சர்க்காருக்காகக் கொஞ்சம் வருத்தப்பட்டார். மச்சானுக்குத் தானே போன் போட்டுச் சொல்ல வேண்டும் என்று சமையலறைப் பக்கம் போனவர், உள்ளே மனைவியின் குரல் கேட்டு வாசலிலேயே நின்றுவிட்டார்.

"நீ வராதேண்ணா, வேண்டாம். பாவம், நேத்து மனசு விட்டுப் போயிட்டார். எங்க எல்லாத்தையும் மூட்டை கட்டிட்டு வீட்டுக்குள்ள வந்துடுவாரோன்னு எனக்குப் பயம் வந்துடுச்சு. அதான் விடியறதுக்கு முன்னாடியே போய், கடையில வாங்கின தக்காளியைப் பச்சை நூலால கட்டித் தொங்கவிட்டேன்... துணியா? அது மொட்டை மாடியிலயே காயுது. இடத்தைக் காலி பண்ணுன்னு மிரட்டினாத்தான் வீம்புக்கு அங்கேயே உட்கார்ந்திருப்பார்... ஏன்னு கேக்கிறியா? ரிட்டயர் ஆன நாள்லேருந்து அடுப்புப் பக்கத்துல நின்னுக்கிட்டு, எண்ணெய் ஏன் இவ்வளவு, உப்பு ஏன் அவ்வளவுன்னு என்னை ஆடிட் பண்ணிக்கிட்டிருந்தார்ணா, இந்தக் குளிர்காலத்துலதான் நான் நிம்மதியா சமைக்கிறேன்!"