மலாக்கா ஸ்டேசனில் ஏறியவர்

“அப்பான்னு கூப்பிடுடா! சயாமுக்குப் போனவரு உயிரோட திரும்பி வந்திருக்காரு. கல்லு மாதிரி நிக்கிறியே!” என்றாள் அம்மா ருக்மணி.

ஜெயபாலன் கூப்பிடவில்லை. மலாக்காவின் காஜா பெராங் பகுதியில் இருந்த வீட்டு வாசலில் பெட்டியோடு நின்றவரை மேலும் கீழும் பார்த்தான். அவன் பிறந்த மாதத்தில் ஜப்பான்காரன் ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போன அப்பாவின் படம் ஒன்றுகூட வீட்டில் இல்லை. பத்தொன்பது வருஷம் கழித்து யாரோ வந்து ‘நான்தான் மருதமுத்து’ என்றால் நம்பிவிடுவதா? அப்பா இல்லையென்றால் இந்த ஆளை ஒரு நாள்கூட வீட்டில் வைத்துக்கொள்ள முடியாது. அம்மாவைப் பற்றி ஊர் கண்டபடி பேசும்.

“மொதல்ல நான் கேக்கறதுக்குப் பதில் சொல்லுங்க. நான் எங்க பொறந்தேன்?”

“ஈப்போவுல, உன் அம்மாவோட தாய் வீட்ல. பிரசவத்துக்குப் போயிருந்தா. புள்ள பொறந்த சேதி வந்த மறுவாரமே என்னைப் புடிச்சிட்டான். உன் மொகத்தக்கூட நான் பாக்கல.”

சரியாகத்தான் இருந்தது. அம்மா சுவரோடு ஒட்டி நின்றாள். அவர் பேசப் பேச அவள் உதடுகளும் அசைந்தன. சாமியை வேண்டிக்கொள்கிறாள் போலும்.

“இங்கேருந்து எப்படிப் போனீங்க?”

“ரயில்லதான். மலாக்கா ஸ்டேசன்ல ஏத்துனான். ஊர் மறையிற வரைக்கும் பாத்துக்கிட்டே போனேன்.”

ஜெயபாலன் சட்டென்று நிமிர்ந்தான். மாலை வகுப்பில் மலாக்கா ஸ்டேசனின் வரலாற்றை எழுதச் சொன்னபோது, அங்கே வேலை பார்த்த தம்பிராஜாவிடம் நாலு நாள் உட்கார்ந்து கேட்டு எழுதியிருந்தான். வருஷத்தைத் தப்பாக நினைக்கிறோமோ? உள்ளே ஓடி நோட்டைப் புரட்டினான். ஒருமுறை படித்தான், நம்பிக்கை வராமல் இன்னொரு முறை படித்தான்.

“பொய்!” என்று கத்திக்கொண்டே வந்தான். “நான் பொறக்கிறதுக்கு முன்னாடியே இங்கேருந்து தம்பின் ஊர் வரைக்கும் இருந்த தண்டவாளத்த ஜப்பான்காரன் பெயர்த்து எடுத்துட்டான். ஆளுங்கள லோரியிலதான் ஏத்திக்கிட்டுப் போனான். தண்டவாளமே இல்லாத ஸ்டேசனுக்கு உங்களுக்கு மட்டும் ரயில் வந்துச்சா? கெளம்புங்க!”

வந்தவர் ருக்மணியை ஒருமுறை பார்த்துவிட்டுப் பெட்டியைத் தூக்கினார்.

அவள் ஓடி வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். “அவர வெரட்டாதடா ஜெயபாலா. அவரு மேல ஒரு தப்பும் இல்ல. அந்த நேரத்துல நான் ஈப்போவுல இருந்தேனா... தண்டவாளம் போனது தெரியாம, ரயில்னு சொல்லிக் குடுத்துட்டேன்.”